ஐம்பத்தொரு சென்டிமீற்றர் கன்று

நுணுக்குக்காட்டிக்குள் ஒரு கோழிக்குஞ்சு வளைந்து கிடந்தது. அடைக்கு வைத்து எழுபத்திரண்டு மணித்தியாலமான முளையம். இதயம் எது, கண் எது, முதுகெலும்பாகப் போகிற கட்டிகள் எத்தனை சோடி என்பதெல்லாம் சிந்துஜாவுக்கு இப்போது கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். ஆகஸ்டில் தெரியவில்லை. ஆகஸ்டில் இருபது நுணுக்குக்காட்டிகளை வரிசையாக வைத்து, ஒன்றுக்கு ஒரு நிமிடம், மணி அடித்தால் அடுத்ததுக்கு நகர வேண்டும் என்றார்கள். ஏழாவதில் அவளுக்குக் கண் இருட்டிவிட்டது. ஆட்டு ஈரலைப் பன்றி ஈரல் என்று எழுதினாள். எட்டாவதில் ஏழாவதையே யோசித்துக்கொண்டு நின்றாள். ஒன்பதாவதில் எதுவுமே எழுதவில்லை.

இழையவியலும் முளையவியலும் சேர்ந்த அந்தப் பாடத்தில் அவள் விழுந்தாள். வருகிற வியாழக்கிழமை மீள்பரீட்சை. அதிலும் விழுந்தால் ஒரு வருடம் பின்னால் போய்க் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். இது வீட்டுக்குத் தெரியாது. நாவலப்பிட்டிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு இப்போது 'மாட்டு டொக்டர் வீட்டு லயம்' என்றே பெயர். அந்த லயத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். விழுந்த செய்தியை அங்கே கொண்டுபோய் எந்த மூலையில் வைப்பது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டரை மணி. பேராதனையில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆய்வுகூடத்தில் அவளும் அறைத்தோழி சுதர்சினியும் மட்டும். சுவரோரம் நெடுக அலுமாரிகள். கண்ணாடிக்குப் பின்னால், போமலின் ஊற்றிய போத்தல்களில், கன்றுகள் சுண்டுவிரல் அளவிலிருந்து நாய்க்குட்டி அளவு வரை வரிசையாகக் கண்மூடிக் கிடந்தன. மூன்று கிழமையாக அவள் ஒவ்வொன்றையும் நூல் வைத்து அளந்து மனப்பாடம் செய்திருந்தாள். அந்தக் காரத்தில் அவளுக்கு எந்நேரமும் கண் கலங்கியே இருக்கும். அழுகிறாள் என்று நினைத்து ஒருத்தரும் கிட்ட வருவதில்லை. அது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. மடவளை ஜவாஹிர். ஜூனில் அவளுடைய அப்பாவிடம் மாடு வாங்கியவர்.

"தங்கச்சி, நான் ஒங்கட கெம்பஸ் கேட்டடியில நிக்கிறேன். ஒருக்கா வாரீங்களா?"

அவள் போனபோது அவர் ஓட்டோவுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார். நாற்பது வயது இருக்கும். மடவளைத் தேத்தண்ணிக் கடைகளுக்குப் பால் ஊற்றுகிறவர். பின் இருக்கையில், மீன்காரர்கள் வைத்திருக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்று இருந்தது. காவலாளி எட்டிப் பார்த்து, "இது மீனா தங்கச்சி?" என்று சிங்களத்தில் கேட்டார். அவள் பதில் சொல்லுமுன் ஜவாஹிர் மூடியைத் திறந்துவிட்டார். காவலாளி இரண்டடி பின்னால் போனார்.

ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஒரு கன்று. பெரிய பூனையளவு. உடம்பில் மயிரே இல்லை. ஈரத்தோல் சாம்பல் நிறத்தில் பளபளத்தது.

"பாருங்க தங்கச்சி. பத்து மாசம் வயித்துல ஈந்த கன்டா இது?"

சிந்துஜா குனிந்தாள். கண் இமையில் மெல்லிய மயிர். மூக்கோரத்தில் கொஞ்சம். வால் நுனியில் ஒரு துளி. வேறெங்கும் இல்லை. அவளுடைய மண்டை, அவளைக் கேட்காமலே, அலுமாரியின் இரண்டாம் தட்டில் வலது பக்கத்துப் போத்தலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தது. ஆறு மாதம். ஆறு மாதத்துக்கு ஒரு நாள் கூடவும் இல்லை.

"என்ன நடந்தது நானா?" என்று கேட்டாள்.

"ஒக்டோபர் பதினஞ்சு எண்டு கலண்டர்ல வட்டம் போட்டு வச்சோம். ஒங்கட வாப்பா குடுத்த சினை ஊசிக் கார்ட்லயும் கணக்கு சரி, நீங்க கை போட்டுப் பாத்து சென்னதும் சரி. ஒக்டோபர் போச்சு, நவம்பரும் வந்திட்டு. மடியும் இறங்கல்ல, மாடும் சும்மா நிக்கிது. உள்ளுக்குக் கன்டு செத்துப் போச்சாக்கும் எண்டு எங்களுக்குப் பயம். ஊசி போடுற ஒருத்தரக் கூட்டி வந்தேன். அவரு கை போட்டுப் பாக்கவா எண்டு கேட்டாரு. நான்தான் வாணாம் எண்டு சென்னேன். கெம்பஸ் புள்ள பாத்து சென்ன தேதி, பிழைக்காது எண்டு. பிரசவ ஊசியப் போட்டாரு. ரெண்டாம் நாள் இது வந்து விழுந்திச்சு."

மழை ஓட்டோவின் கூரையில் கொட்டியது.

"பெரிய விசயம் அதில்ல தங்கச்சி," என்று அவர் தொடர்ந்தார். "உம்மா. கடைசி மூணு மாசம் பிண்ணாக்க பாதியாக்கிட்டா. ஊசிக் கன்டு பெரிசா வளந்தா, ஈனக்குள்ள மாடு செத்திடும் எண்டு யாரோ சென்னாங்களாம். இப்ப இதப் பாத்ததும், நான்தான் பட்டினி போட்டுக் கொன்னுட்டேன் எண்டு ஒரே புலம்பல். மூணு நாளா ஒண்டும் தின்ற இல்ல. என்ட பொஞ்சாதி கைரியா வேற குத்திக் குத்திப் பேசுறா. நீங்க படிச்சவ. இதப் பாத்துட்டு, உம்மாட பிழையா இல்லையா எண்டு செல்லுங்க. பிழைதான் எண்டாலும் செல்லுங்க. அவ தெரிஞ்சிக்கட்டும்."

அவள் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வது?

ஜூனில் நடந்தது இதுதான். அவள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா இருளப்பன் இரண்டு மாட்டில் ஒன்றை விற்க ஆள் பிடித்திருந்தார். லெப்டொப் இல்லாமல் அவள் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் அலைகிறாள் என்பது அவருக்கு உறுத்தல். ஜனவரி ஐந்தில், காளைக்குப் பதிலாகப் போட்ட சினை ஊசியின் கார்டை ஜவாஹிரிடம் நீட்டினார். ஜவாஹிர் நிதானமான ஆள். "மிருக வைத்திய ஆபீஸ் டொக்டர் ஒருக்காப் பாத்து ஒரு துண்டு தந்தா எடுக்கிறேன்" என்றார். அப்பா சிரித்தார். லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தார்.

"எங்க வீட்டுலேயே டொக்டர் இருக்குங்க. எதுக்கு வெளியாள்? ஏ புள்ள, வா, வந்து பாத்துச் சொல்லு."

அவள் அதுவரை மாட்டுக்குள் கை வைத்ததே இல்லை. அது நாலாம் வருடப் படிப்பு. மாட்டின் கருப்பையை அவள் பார்த்திருந்தது, தாளை விட மெல்லிசாகச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிக் கண்ணாடித் துண்டில் ஒட்டியபோதுதான். அந்தக் கருப்பை ஒரு தூசு கனம் கூட இல்லை. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. லயத்து வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். கொழுந்துச் சாக்கைக் கூட இறக்காமல் அம்மா நின்றாள். ஏ.எல். பாஸ் பண்ணியபோது இவளெல்லாம் எங்கே டொக்டராகப் போகிறாள் என்று கேட்டவர்களும் நின்றார்கள். அவள் ஷொப்பிங் பேக்கைக் கையில் சுற்றி, சவர்க்காரம் பூசி, உள்ளே விட்டாள். சூடாக, இறுக்கமாக, உருண்டையாக ஏதோ ஒன்று விரலில் முட்டியது. இப்போது தெரியும், அது மூத்திரப்பை. அன்றைக்கு அதைத் தொட்டுக்கொண்டு, கார்டில் போட்டிருந்த கணக்கை மனதுக்குள் கூட்டி, "அஞ்சு மாசம்" என்றாள். யாரோ கைதட்டினார்கள்.

ஆய்வுகூடத்துக்குத் திரும்பியபோது, கஜலட்சுமி மேடம் வந்திருந்தார். முளையவியல் படிப்பிக்கிறவர். கண்டி டவுன் ஆள். அதட்டாமல் பேசுவார், ஆனால் ஒன்றையும் விடமாட்டார்.

"கையுறை எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, "எத்தனை மாதம் சொல்லு பார்ப்போம். அளக்காமல்."

"ஆறு, மேடம்."

"ஏன்?"

"இமையிலயும் மூக்கிலயும் மயிர் இருக்கு. வால் நுனியிலயும் இருக்கு. உடம்புல இல்ல."

மேடத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது. கன்றைத் தட்டில் கிடத்தி, உச்சந்தலையிலிருந்து முதுகு வழியே வால் அடி வரைக்கும் நூலை ஓட்டச் சொன்னார். ஐம்பத்தொரு சென்டிமீற்றர். இருபத்தொன்றைக் கூட்டு, இரண்டரையால் பெருக்கு. நூற்றெண்பது நாள்.

"ஆகஸ்டில் எங்கே போயிருந்தாய் நீ?" என்றார் மேடம். "வியாழக்கிழமை இப்படி நில், போதும்."

இரண்டு வருடத்தில் முதல்தடவையாக அவளை ஒருத்தர் பாராட்டினார். அதுவும் இதற்கு. ஆகஸ்டில் பாஸ் பண்ணவிடாத படிப்பு இப்போது முழுசாக ஏறி, அவளையே பிடித்துக் கொடுக்க நின்றது.

"பட்டினி கிடந்திருக்குமா மேடம்? தாய்க்குத் தீனி குறைஞ்சதால..."

"இதுவா? இதைப் பார். தொடை, விலா, குளம்பு, எல்லாம் திட்டம் போட்டமாதிரி வளர்ந்திருக்கிறது. இதில் ஒரு குறையும் இல்லை." மேடம் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். "வரலாறு சொல்லு. எப்போது சினைப்பட்டது, ஏன் விழுந்தது?"

"தெரியல மேடம்."

"தெரியாமல் வாங்கி வந்தாயா? கேட்டு எழுது. வரலாறு இல்லாவிட்டால் இது எங்களுக்கு வெறும் இறைச்சி. திங்கள் காலைக்குள் இந்தப் பக்கம் நிரம்பியிருக்க வேண்டும்."

போத்தலில் ஒட்டுகிற துண்டு அவள் கையில் வெறுமையாக இருந்தது. மேடம் போன பிறகும் அவள் அதையே பிடித்துக்கொண்டு நின்றாள். சுதர்சினி கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவளிடம் எதையும் ஒளிக்க முடியாது. சிந்துஜா எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ என்ன விசரியே?" என்றாள் சுதர்சினி. "ரெண்டாம் வருசத்தில மாட்டுக்குள்ள கை விட்டனியோ? அதுவும் விக்கிறதுக்கு? இது வெளியில போச்செண்டா உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பினம். பட்டமில்லாமல் வைத்தியம் பாத்தது எண்டு."

"தெரியும்."

"தெரிஞ்சும் நிக்கிறாய். அந்த ஆளுக்கு 'பரம்பரைக் குறை' எண்டு சொல்லிவிடு. மனிசிட பிழையில்லை எண்டும் ஆகுது, உனக்கும் பிழையில்லை. ஆருக்கு நட்டம்?"

சிந்துஜா அந்த வெறும் துண்டை மேசையில் வைத்தாள். வெளியே வராந்தாவுக்குப் போய் அப்பாவை அழைத்தாள்.

"அப்பா, மே மாசம் அந்த மாடு காளைக்குக் கத்துச்சா?"

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. "எந்த மாடு?"

"வித்த மாடு."

"கத்துச்சு. அதுக்கென்ன?"

"அழகமுத்து மாமா காளை?"

"ஒரு நாள் அவுத்துக்கிட்டு வந்துருச்சு. மத்தியானம் வரைக்கும் நம்ம பட்டியிலதான் நின்னுச்சு. செனை மாடும் சில நேரம் கத்துமுல்ல. சும்மா ஏறிட்டுப் போயிருச்சுன்னு நெனச்சேன்."

"என்னைய கை போடச் சொன்னீங்களே, அப்ப இதச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான படிக்கிறவ," என்றார் அப்பா. நக்கல் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "உனக்குத் தெரியாதது எனக்கு எப்பிடித் தெரியும்? நீ அஞ்சு மாசம்னு சொன்ன. ஓகோ, அப்ப காளையால ஒண்ணும் ஆகலன்னு நானும் நம்பிட்டேன்."

அவரைத் திட்டலாம் என்றுதான் எடுத்தாள். அவர் கேட்டதில் ஓட்டை இல்லை.

நடந்ததைச் சொன்னாள். அவர் நீளமாக மூச்சு விட்டார்.

"இங்க பாரு புள்ள. கன்னு செத்துப் போச்சு. இனி யாரு என்ன சொன்னாலும் வரப்போறதில்ல. அந்தக் கெழவி ரெண்டு நாள்ல தானா சாப்பிட்டுரும். நீ வாயத் தொறந்தியோ, ஒன் படிப்புக்கு ஒல வச்ச மாதிரி. ஒங்க அம்மா இந்த லயத்துல எப்பிடி நடக்குறான்னு பாத்திருக்கியா இப்ப? நிமிந்து நடக்குறா. அதக் கெடுக்காத. பரீட்சையெல்லாம் நல்லாத்தான எழுதுற?"

"எழுதுறேன்" என்றாள். அதுவும் பொய். ஒரு பின்னேரத்தில் மேடத்துக்கு ஒரு பொய், அப்பாவுக்கு ஒரு பொய். மூன்றாவது இலகுவாக வந்தது. ஆறு மணிக்கு ஜவாஹிரை அழைத்து, "உம்மா மேல பிழையில்ல நானா. பரம்பரைக் குறை. சில மாட்டுக்குக் கன்னு உள்ளுக்கு வளராது" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஜவாஹிர். பாரம் இறங்கிய குரல். சிந்துஜாவும் சுவரில் சாய்ந்தாள். அப்போதுதான் அவர் சொன்னார்: "அப்ப இது மாட்டுலயே ஈக்கிற குறை. இனியும் இப்பிடித்தான் போடும், என்ன? வச்சிக்கிட்டு வேலல்ல. இறைச்சிக்கிக் குடுத்துடுறேன். திங்கக்கிழமை ஆள் வாரான். நல்ல நேரம் சென்னீங்க தங்கச்சி."

"இல்ல நானா, அப்பிடி இல்ல, பொறுங்க..."

"ஏன், குறை இல்லையா?"

குறை உண்டு என்றால் மாடு சாகும். இல்லை என்றால், பிறகு கன்று ஏன் இப்படி என்று கேட்பார். அதற்கு மேல் ஒரே ஒரு பதில்தான் மிச்சம்.

"நாளைக்கு நான் வாரேன்" என்றாள். "மாட்ட ஒருத்தருக்கும் குடுத்துடாதீங்க."

சனிக்கிழமை காலை கலஹா சந்தியில் பஸ் எடுத்துக் கண்டிக்கு வந்து, மடவளை பஸ்ஸில் ஏறினாள். கைப்பேசியில் சொல்லித் தொலைக்கலாம் என்று சுதர்சினி சொல்லிப் பார்த்தாள். கைப்பேசியில் தன் நாக்கு எந்தப் பக்கம் புரளும் என்று சிந்துஜாவுக்குத் தெரியும். பஸ்ஸில் ஜன்னல் இருக்கையில் ஒரு ஆச்சி கூடையோடு நெருக்கிக்கொண்டிருந்தார், மறுபக்கம் நின்றவர்களின் பைகள் முகத்தில் உரசின. இறங்க வேண்டும் என்றாலும் இறங்க வழியில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும்போது, திரும்பிப் போய்ப் படித்தால் இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடமும் ஆள் ஆளுக்கு அவளை நம்பியிருக்கிறார்கள், அவளுக்கு என்ன தெரியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நம்பிக்கை என்று பெயர் வைத்து அவளை ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். சாவியை அவள் கையாலேயே தூரப் போட வைத்திருக்கிறார்கள். அந்தக் கோபத்திலேயே மடவளை வரைக்கும் போய்ச் சேர்ந்தாள்.

பள்ளிவாசலுக்கு மேலே, சரிவில் இருந்தது வீடு. கைரியா கதவைத் திறந்து, "டொக்டர் தங்கச்சி வந்திருக்கிறா" என்று உள்ளே குரல் கொடுத்துக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். சிந்துஜா உட்காரவில்லை. ஜவாஹிர் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால், தலையில் முக்காட்டைச் சரிசெய்தபடி ஆஸியா உம்மா. அறுபத்தைந்து வயது சொல்லலாம். உதடு வெடித்திருந்தது.

அவள் நின்றபடியே சொன்னாள். நேராகச் சொன்னாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது என்று பயந்து, மூச்சு விடாமல் சொன்னாள்.

"நேத்து நான் சொன்னது பொய். மாட்டுல குறை இல்ல. கன்னுலயும் குறை இல்ல. அது பத்து மாசக் கன்னு இல்ல, ஆறு மாசக் கன்னு. சினை ஊசி பிடிக்கல. மே மாசம் காளை சேந்ததுலதான் சினை பிடிச்சது. ஜூன்ல நான் கை போட்டுப் பாத்து அஞ்சு மாசம்னு சொன்னது பிழை. எனக்குக் கை போட்டுப் பாக்கத் தெரியாது. இன்னும் எங்களுக்கு அதப் படிப்பிக்கவே இல்ல."

முதலில் பேசியது கைரியா. "தெரியாட்டி தெரியா எண்டு செல்றத்துக்கு என்ன?"

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. ஆனால் அது ஒரு லயம் நீளம்.

"ஒங்கட வாப்பா தெரிஞ்சா வித்தாரு?" ஜவாஹிரின் குரலில் தங்கச்சி போய்விட்டது.

"காளை வந்தது அவருக்குத் தெரியும். கன்னு அதோடதுன்னு தெரியாது. நான் சொன்னத அவரும் நம்பிட்டாரு."

"எல்லாரும் ஒங்களத்தான் நம்பிட்டாங்க."

"ஆமா நானா."

உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். சிந்துஜாவுக்கென்று போட்ட கதிரை. "அப்ப பிண்ணாக்கு...?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல உம்மா. அளந்து பாத்தோம். ஆறு மாசத்துக்கு எவ்வளவு வளரணுமோ அவ்வளவு வளந்திருக்கு."

"நல்லா வளந்த கன்டா?"

"நல்லா வளந்த கன்னு."

உம்மா அதை மனதுக்குள் வைத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது. முகத்தில் வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. சிந்துஜா பஸ்ஸில் வரும்போது, இந்த இடத்தில் அந்த முகம் தெளியும் என்று நினைத்திருந்தாள். அதை நம்பித்தான் வந்திருந்தாள். உம்மா நிமிர்ந்து, "அப்ப இன்னும் மூணு மாசம் விட்டிருந்தா?" என்று கேட்டார்.

இதை அவள் யோசித்திருக்கவில்லை.

"உயிரோட பொறந்திருக்கும்" என்றாள்.

ஜவாஹிர் தன் வலது கையை விரித்து, அதில் ஏதோ ஒட்டியிருப்பது போலச் சாரத்தில் துடைத்தார். "ஊசியப் போடச் சென்னது நான்" என்றார். யாருக்கும் சொல்லவில்லை. "அவரு கை போட்டுப் பாக்கவா எண்டு கேட்டாரு."

அம்மாவின் பாரத்தை எடுத்து மகன் தலையில் வைத்தாயிற்று. இதற்குத்தான் இரண்டு பஸ் பிடித்து வந்தாள்.

கைரியாதான் எழும்பினாள். "வந்தது வந்தீங்க, மாட்டையும் பாத்துட்டுப் போங்க. நாலு நாளா கொடி விழாமத் தொங்குது. மணக்குது. தானா விழும் எண்டு அந்த ஊசிக்காரர் சென்னாரு."

பட்டி வீட்டுக்குப் பின்னால். மாடு தலையைத் தொங்கப் போட்டு நின்றது. சிந்துஜாவை அடையாளம் தெரிந்த மாதிரிக் காட்டவில்லை. பின்பக்கம் நஞ்சுக்கொடி கருஞ்சிவப்பாய்த் தொங்கியது. நாற்றம் மூக்கில் அடித்தது. அவள் காதைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. தின்னாமல் விட்ட புல் முன்னால் அப்படியே கிடந்தது.

ஜவாஹிர் வாளியில் வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார். "கைய விட்டு எடுங்க. அதையாவது செஞ்சிட்டுப் போங்க."

நஞ்சுக்கொடி கருப்பையில் எப்படி ஒட்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சாயமேற்றி, நானூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்று, அதற்கான குழிக்குள் போய்ச் செருகியிருக்கும். படம் போட்டுக் காட்டச் சொன்னால் போடுவாள். வெளியிலிருந்து பிடித்து இழுத்தால் அந்தக் குழிகளுக்கு என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாது. மூவரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாட்டேன்" என்றாள். "எனக்குத் தெரியாது. ஆபீஸ் டொக்டரக் கூப்பிடணும். இப்பவே. காய்ச்சல் அடிக்கிது, இப்பிடியே விட்டா மாடு செத்துடும்."

"அப்ப என்னத்துக்குப் படிக்கிறீங்க?" என்றார் ஜவாஹிர்.

"நம்பர் இருக்கா நானா?"

இருந்தது. ஊசிக்காரரைக் கூட்டி வந்தது தெரிந்தால் டொக்டர் ஏசுவார் என்றுதான் நாலு நாளாக எடுக்கவில்லை. ஜவாஹிர் கைப்பேசியை நீட்டினார். தானே பேச அவர் தயாரில்லை என்பது தெரிந்தது. சிந்துஜா வாங்கிக்கொண்டாள்.

டொக்டர் சிங்களத்தில் பேசினார். அவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னாள். காய்ச்சல், நாற்றம், நாலு நாள். எத்தனை மாதத்தில் விழுந்தது என்று கேட்டார். ஆறு என்றாள். தானாக விழுந்ததா? இல்லை, ஊசி போட்டார்கள். ஆறு மாதச் சினைக்கு யார் பிரசவ ஊசி போடுவார்கள் என்று கேட்டார். நாள் கடந்துவிட்டதாக நினைத்துப் போட்டது என்றாள். அப்படி யார் சொன்னது, யார் கை போட்டுப் பார்த்தது என்று கேட்டார்.

ஒரு பெயர் சொல்லலாம். யாரோ ஒரு ஊர் ஆள், பெயர் தெரியாது என்று சொல்லலாம். சிங்களம் புரிந்த ஜவாஹிர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்" என்றாள்.

"நீ யார்?"

பெயரைச் சொன்னாள். கால்நடை மருத்துவம், இரண்டாம் வருடம் என்றாள்.

டொக்டர் பெயரை இன்னொரு தடவை, எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். எழுதிக்கொள்கிறார் என்று தெரிந்தது. நான்கு மணிக்கு வருவேன், அதுவரைக்கும் மாட்டை யாரும் தொடக்கூடாது, நீ அங்கேயே நில், உன்னோடு பேச வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"நாலு மணிக்கு வாராராம்" என்று அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது.

யாரும் அவளை வீட்டுக்குள் வரச் சொல்லவில்லை. உம்மா மட்டும் பட்டி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிந்துஜா ஈரமில்லாத இடமாகப் பார்த்து நின்றாள். ஜவாஹிர் கீழே இறங்கிப் போய், ரோட்டுப் பக்கத்துக் கேட்டைச் சாத்திக் கொளுவிவிட்டு வந்தார். மாடு ஓடிவிடாமல் இருக்க என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் மாடு கட்டித்தான் இருந்தது.